சிவப்பு மனிதன்

"இந்தமுறை நீ தப்பேலாது," என்று பத்மாதேவி பந்தோடு பாய்ந்தபோதுதான் வெளிக்கதவு இடிபட்டது.

டீவியில் சிவப்பு மனிதன் அவளுடையவன். பச்சை மனிதன் ஹபீலாவுடையவன். ஹபீலாவின் வாப்பா சவூதியிலிருந்து கொண்டுவந்த கூடைப்பந்து வீடியோ விளையாட்டு. எண்பத்து மூன்று ஜூலையில் கட்டுகஸ்தோட்டைத் தமிழ்க் கடைகள் எரிந்துகொண்டிருக்க, பிள்ளைகள் பயத்தை மறக்கட்டும் என்று ஹபீலாவின் தாய் ஆஸியா உம்மாதான் அதைப் போட்டுக் கொடுத்திருந்தார்.

"அலுமாரிக்குள்ள போ புள்ள," என்றார் உம்மா, குரல் எழாமல்.

பத்மாதேவி பக்கத்துத் தமிழ் வீட்டுப் பிள்ளை. தாய் தகப்பன் யாழ்ப்பாணம் போயிருந்த நேரம் பார்த்து வீட்டை எரித்துவிட்டார்கள். சிவப்பு மனிதனை ஆட்டும் கைப்பிடியைப் பாயில் போட்டுவிட்டுச் சேலைகளுக்குப் பின்னால் ஒடுங்கினாள்.

வந்தவர் குணபால முதலாளி. பஸாரில் ரேடியோக்கடை வைத்திருப்பவர். போன மாதம் இந்த விளையாட்டுப் பெட்டியைத் திருத்தித் தந்து, டீயும் குடித்துவிட்டுப் போனவர். இன்றைக்குக் கையில் இரும்புக்கம்பி. வாசலில் தடி பொல்லுகளோடு ஆட்கள்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளை எங்க?"

"அதுவும் யாழ்ப்பாணம் போயிட்டு முதலாளி," என்றார் உம்மா.

அவர் டீவியைப் பார்த்தார். "மகள் யாரோட விளையாடுறது?"

"தனியத்தான் முதலாளி. மெஷினோட."

ஹபீலா பச்சை மனிதனை ஓடவிட்டாள். அவன் சுற்றிச் சுற்றி வந்தான். சிவப்பு மனிதன் பந்தோடு நட்டுவைத்த மாதிரி நின்றான்.

முதலாளியின் பார்வை பாயில் கிடந்த கைப்பிடிக்குப் போனது. அங்கிருந்து அலுமாரிக்குப் போனது.

வாசலில் நின்ற ஒருவன் உள்ளே காலை வைத்தான். முதலாளி திரும்பிச் சிங்களத்தில் அதட்டினார்: "ரோட்டுல நில்லுங்க. இந்த வீட்டை நானே பார்த்துக்கொள்றேன்."

அவர்கள் போனார்கள். முதலாளி கதவைச் சாத்தினார், தாழ்ப்பாளும் போட்டார். கம்பியோடு அலுமாரியை நோக்கி நடந்தார். உம்மா அதற்குக் குறுக்கே போய் நின்றார். வாய் மட்டும் ஏதோ ஓதியது.

அலுமாரியை எட்டும் முன்பே அவர் நின்றார். குனிந்து, விளையாட்டுப் பெட்டியின் சுவிச்சுகள் இரண்டைத் தட்டினார். ஆட்டம் முதலிலிருந்து தொடங்கியது. யாரும் தொடாமலே சிவப்பு மனிதன் கூடையை நோக்கி ஓடினான்.

"பின்னால வர்றவன் கேக்க முன்ன, இப்பிடிப் போட்டு வை மகள்."