ஒரே பானை, ஒரே உப்பு

“பழனியம்மா, இண்டைக்கு முழுக்க நீ எங்கையும் போகாதை. போனால் இதையும் கையோடை கொண்டு போ.”

பத்மாவதி நீட்டியது மூன்று லீற்றர் பிளாஸ்டிக் போத்தல். அதில் ஒட்டியிருந்த துண்டில் எழுதியிருந்தது பழனியம்மாவின் பெயர் அல்ல, பத்மாவதியின் பெயர்.

வெள்ளவத்தையில் அந்த ஒழுங்கையின் மாதர் சங்கத் தலைவி பத்மாவதி. கொழும்பு மக்கள் எவ்வளவு உப்புச் சாப்பிடுகிறார்கள், அதனால் எத்தனை பேருக்குப் பிறஷர் ஏறுகிறது என்று அறிய ஒரு மருத்துவ ஆராய்ச்சிக் குழு வீடு வீடாக வந்தது. முதல் கையெழுத்து அவளுடையதுதான். படித்த பெண்கள் முன்னுக்கு நிற்காவிட்டால் விஞ்ஞானம் எப்படி வளரும் என்று எதிர்வீட்டு அருந்ததிக்கு ஒரு பிரசங்கமும் வைத்தாள்.

விஞ்ஞானத்துக்கு வேண்டியது ஒரு நாள் முழுவதும் கழிக்கும் சிறுநீர் என்பது கையெழுத்துப் போட்ட பிறகுதான் தெரிந்தது. ஒரு துளி சிந்தாமல், இருபத்துநாலு மணித்தியாலமும், அந்தப் போத்தலுக்குள்.

“நீயும் இந்த வீட்டுச் சாப்பாடுதானே சாப்பிடுறாய்” என்று பழனியம்மாவுக்கு விளங்கப்படுத்தினாள். “ஒரே பானை, ஒரே உப்பு. ஆர் குடுத்தால் என்ன?”

பழனியம்மா அட்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சமைக்க வந்து பதினொரு வருடம். வீட்டில் இருப்பவர்களைப் பொலிஸில் பதிகிற தாளில் அவளும் இந்த வீட்டு ஆள்தான். மீன் துண்டும் முட்டையும் மேசையில் முடிந்த பிறகு, சட்டியில் மிஞ்சிய குழம்பைச் சோற்றில் பிரட்டிச் சாப்பிடுவாள். பானை ஒன்றுதான், அதில் பொய் இல்லை.

“சரிங்கம்மா” என்றாள்.

மறுநாள் காலை, ஆராய்ச்சிக் குழுவின் உதவியாளர் லுத்பியா கிராண்ட்பாஸிலிருந்து வந்தாள். போகிற வழியில் சோதனைச்சாவடியில் மறித்து இது என்ன என்று கேட்டால் என்ன சொல்லுவாய் என்று பத்மாவதி விசாரித்தாள்.

“மணந்து பாக்கச் சொல்லுவேன் அன்ரி.”

பிறகு படிவத்தை மடியில் விரித்துக்கொண்டு, ராத்திரி எத்தனை தரம் எழும்பினீர்கள் என்று கேட்டாள்.

பத்மாவதி ராத்திரி முழுவதும் நல்ல நித்திரை. அவளுடைய கண் குசினிப் பக்கம் போனது. லுத்பியாவின் முதுகுக்குப் பின்னால், குசினி வாசலில் நின்ற பழனியம்மா மூன்று விரலைத் தூக்கிக் காட்டினாள்.

“மூண்டு தரம்” என்றாள் பத்மாவதி.

லுத்பியா நிமிர்ந்து, எதிரே, குசினி வாசல் நிழலாடிய கண்ணாடி அலுமாரியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“வடிவான அலுமாரி அன்ரி” என்று சொல்லிவிட்டுக் குனிந்து எழுதினாள்.

இரண்டு கிழமையில் திரும்பி வந்தாள். முகத்தில் சிரிப்பில்லை.

“உப்பு அளவாத்தான் இருக்கு அன்ரி. ஆனா ஒடம்புல சத்தே இல்ல. மீன், முட்டை, பருப்பு ஒண்டையும் கண்ணாலயும் காணாத ஆள்ட போத்தல் மாதிரி இருக்கு.”

பத்மாவதி தன் எண்பத்தாறு கிலோவையும் கதிரையில் ஒருமுறை அசைத்து உட்கார்ந்தாள்.

செய்ய வேண்டியதை லுத்பியா ஆறுதலாகச் சொன்னாள். தினமும் ஒரு முட்டை. மத்தியானம் மீன். இரவில் பருப்பு. மூன்று மாதத்தில் இன்னொரு போத்தல். அதுவும் இப்படியே இருந்தால், சத்துக் குறைந்த ஆட்களைக் குழுவின் டொக்டர் சங்க மண்டபத்தில் எல்லாருக்கும் முன்னால் எழுப்பி நிற்கவைத்துப் புத்தி சொல்லுவார்.

முன்வரிசையில் அருந்ததி இருப்பாள். அவள் சிரிக்கிற சத்தம் இப்போதே பத்மாவதியின் காதில் விழுந்தது.

ஒரு பேச்சுக்குக் கேட்பதுபோல, இரண்டாம் முறை ஆள் மாறிப் போத்தல் வந்தால் தெரியுமோ என்று கேட்டாள்.

“மெசின் காட்டிக் குடுத்திரும் அன்ரி.”

அன்று தொடக்கம் பத்மாவதியே முட்டையை அவித்து, உரித்து, பழனியம்மா விழுங்கும்வரை பக்கத்தில் நின்றாள். பாரை மீனின் நடுத்துண்டு குசினிக்குப் போனது. கணவர் நாகேந்திரத்தின் சோற்றுக் கோப்பைக்கு வால் வந்தது. அவர் காரணம் கேட்டபோது, வேலை செய்கிறவர்களையும் மனிசராகப் பார்க்கப் பழகவேணும் என்றாள். சொன்னது தனக்கே பிடித்துப்போக, அதை மாதர் சங்கத்திலும் பேசினாள். கைதட்டினார்கள்.

பழனியம்மாவின் கன்னம் நிரம்பி, அவள் மாடிப்படியில் மூச்சு வாங்காமல் ஏறத் தொடங்கியிருந்தாள். இரண்டாம் போத்தலுக்கு இன்னும் ஒரு கிழமை இருக்கையில், டொக்டர் யோகநாதன் திடீரென்று மண்டபத்தில் கூட்டம் வைத்தார்.

பத்மாவதி சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தபடி இருந்தாள். டொக்டர் யாரையும் எழுப்பி நிற்கவைக்கவில்லை. பெயரைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு கடித உறை கொடுத்தார், அவ்வளவுதான். அருந்ததிக்கு உப்பு அதிகம் என்று இருந்தது. உறைகள் முடிந்தன. பத்மாவதியின் பெயர் வரவில்லை. அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“டொக்டர், எங்கடை தலைவிக்கு ஒண்டும் இல்லையோ?” என்றாள் அருந்ததி.

டொக்டர் தாள்களைப் புரட்டினார்.

“அவவின்ரை போத்தல் சோதிக்கவே இல்லையம்மா. எடுத்த அண்டைக்கே சாவடியிலை கொட்டுண்டு போச்சுது எண்டு லுத்பியா எழுதி வைச்சிருக்கிறா.”

பத்மாவதி திரும்பிப் பார்த்தாள்.

கடைசி வரிசையில் நின்ற லுத்பியா மூன்று விரலைத் தூக்கிக் காட்டினாள்.