கும்பிட்ட கைகள்

"பக்தி வந்தா மூளையில எந்த இடம் வேலை செய்யுதுன்னு பார்க்கிறோம் சார். உள்ள படுத்துக்கிட்டு உங்களுக்குப் பிடிச்ச சாமிய நெனைங்க. சத்தம் பயங்கரமா இருக்கும், பயந்துடாதீங்க" என்றாள் ஆராய்ச்சி செய்யும் ஸ்ரீமதி.

"சத்தம் நம்மள இன்னா பண்ணும் மேடம்" என்றபடி ஸ்கேன் மிஷினுக்குள் படுத்தார் படப்பை சபாபதி.

மிஷின் டம் டம் என்று இடிக்கத் தொடங்கியது. சபாபதி கண்களை மூடினார். இடி மெல்ல ஒரு தாளத்துக்கு வந்தது. எங்கிருந்தோ எண்ணெய் வாசனை மிதந்து வந்தது. மஞ்சள் வெளிச்சத்தில் ஆட்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். மணி அடித்தது. உடம்பு பஞ்சாகிப் போனது. வயிற்றின் மேல் கிடந்த இரண்டு கைகளும் தாமாகவே ஒன்றாக எழுந்து தாழ்ந்தன.

வெளியே வந்தபோது அவர் கண்கள் நனைந்திருந்தன.

"இதுவரைக்கும் வந்த இருபது பேரும் சத்தம் தாங்கலன்னு புலம்பினாங்க. நீங்க ஒருத்தர்தான் இப்படிக் கரைஞ்சு போயிட்டீங்க. ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டீங்களே, எந்த சாமி சார்?"

சபாபதி கூச்சத்துடன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கும்பிடல மேடம். பிரஸ் மிஷின்ல ரெண்டு பட்டனையும் ரெண்டு கையால ஒண்ணா அமுக்குனாதான் தகடு மேல அடி வுழும். பத்தொம்போது வருஷம் அமுக்குன கை. ஒரகடத்துல எங்க கம்பெனிய மூடி ஏழு மாசம் ஆவுது. அந்தச் சத்தத்த இன்னிக்குத்தான் திரும்பக் கேட்டேன்."

படிவத்தில் 'தெய்வத்தின் பெயர்' என்ற கட்டத்தின் மேல் ஸ்ரீமதியின் பேனா அப்படியே நின்றது.

சபாபதி செருப்பை மாட்டிக்கொண்டே தயங்கிக் கேட்டார்.

"நாளைக்கும் வரட்டுமா மேடம்? எந்த ஷிப்ட்டுன்னாலும் சரி."