கால் நீட்டும் பக்கம்

மண்டலக் கல்வி அதிகாரி திருவேங்கடம் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தபோது, மூன்றாம் வகுப்பு மொத்தமும் தரையில் மல்லாந்து படுத்திருந்தது.

மனிதர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“ஏம்மா, மத்தியான சாப்பாட்டுல ஏதாச்சும் ஆயிப்போச்சா?”

“இல்ல சார், திசை பாடம் நடக்குது,” என்றாள் கிருபாவதி டீச்சர்.

இந்த நேரம் பார்த்தா வர வேண்டும்? எல்லையோர ஊரான நகரியில் நெசவாளர் தெருவை ஒட்டிய தமிழ்ப் பள்ளி இது. பிள்ளைகளுக்கு ஒன்றும் வரவில்லை என்று அவர் எழுதிவிட்டால் போதும், மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தெலுங்குப் பள்ளியோடு சேர்த்துவிட்டு இதன் கதவைச் சாத்திவிடுவார்கள். கிருபாவதி வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

தப்பில் பாதி சூரியனுடையது.

உதிக்கிற சூரியனைப் பார்த்து நின்றால் எதிரே கிழக்கு என்கிறது பாடப்புத்தகம். அவள் சித்தூரிலிருந்து வந்து இறங்கியதும் புயல் மழை பிடித்துக்கொண்டதும் ஒரே நாள். அன்றிலிருந்து சூரியன் லீவு. திசைகாட்டி உள்ள அவள் போனும் நனைந்துபோய் அரிசி டப்பாவுக்குள் ஓய்வெடுக்கிறது.

சரி, சூரியன் இல்லாவிட்டால் வடக்கை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று பிள்ளைகளையே கேட்டு வைத்தாள்.

தேவசேனா கையைத் தூக்கினாள். “வடக்க தலை வெச்சா எங்க நைனா எழுப்பி உதைப்பாரு டீச்சர். தெக்க தலை வெச்சு வடக்க கால் நீட்டணும். படுத்துக் காட்டட்டா?”

அவள் வீடு பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம்தான். அவர்கள் விசைத்தறிச் சத்தம் வகுப்புக்கே கேட்கும். வீட்டில் படுக்கிற மாதிரியே படுத்தாள். பிறகு யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாடம் என்ற பெயரில் படுக்கக் கிடைத்தால் எந்தப் பிள்ளை விடும்? தலையெல்லாம் வாசல் பக்கம், காலெல்லாம் கரும்பலகைப் பக்கம்.

கிருபாவதி வீட்டில் இந்தச் சட்டம் கிடையாது. ஜெபம் பண்ணிவிட்டு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தூக்கம் வரும்.

விஷயத்தைக் கேட்ட திருவேங்கடத்துக்கு முகம் மலர்ந்தது. அப்போது பார்த்து அவர் கண்ணில் ரோஹிணி பட்டாள். அவள் ஒருத்தி மட்டும் கரும்பலகைக்கு அடியில் தலையை வைத்து, வாசலைப் பார்த்துக் காலை நீட்டியிருந்தாள்.

“நீ மட்டும் ஏம்மா தலைகீழா படுத்துக்கினு இருக்கே?”

வகுப்பு சிரித்தது. கிருபாவதிக்குப் பாதி உயிர் போய்விட்டது.

ரோஹிணி எழுந்து உட்கார்ந்தாள். அதிகாரியின் தலைக்கு மேலே, வாசல் நிலையைப் பார்த்தாள். டீச்சர் முகத்தைப் பார்த்தாள்.

“எங்கூட்டு டிவி தெக்கால இருக்குது சார். வடக்க கால் நீட்டினா சீரியல் எப்பிடி பாக்கறது?”

தேவசேனா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். ரோஹிணி அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

திருவேங்கடம் சிரிக்கவில்லை. “எங்க வீட்டுலயும் டிவி அந்தப் பக்கம்தான்...” என்று முனகிக்கொண்டே வராண்டாவுக்குப் போய், திருப்பதியில் இருக்கிற மனைவிக்குப் போன் போட்டார். தெலுங்கில் பேச்சு நீண்டது. இடுப்பு வலி, இத்தனை டாக்டர், கட்டிலை உடனே திருப்பு என்பதெல்லாம் பிள்ளைகளுக்கு நன்றாகவே புரிந்தது.

திரும்பி வந்தவர், மிக நன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் இந்த முறையை எல்லோருக்கும் செய்து காட்ட வேண்டும் என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

பள்ளி பிழைத்தது. கிருபாவதிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

மணி அடித்து, பிள்ளைகள் வெளியே ஓடியதும் அவள் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப்போட்டு ஏறினாள். காலையில் யாரும் வருவதற்கு முன்னால், குத்துமதிப்பாக, வாசல் நிலைக்கு மேலே பொடி எழுத்தில் ‘வடக்கு’ என்று சாக்பீஸால் எழுதி வைத்திருந்தாள். அதை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.

“நல்லா துடைங்க டீச்சர்.”

கீழே ரோஹிணி நின்றுகொண்டிருந்தாள்.

“டீச்சரே எழுதிகீறாங்க, கரெக்டாதான் இருக்கும்னு அந்தப் பக்கம் காலை நீட்டிட்டேன்.”

கிருபாவதி நாற்காலியிலிருந்து இறங்கவில்லை. “அப்ப, டிவி?”

“எங்கூட்டுல ஏது டீச்சர் டிவி?”