இடது கைக் கணக்கு

“அப்ப, நின்னு பார்த்துட்டுத் திரும்பிப் போறவங்களை எந்தக் கைல எண்ணுவே?” என்று கேட்டாள் அக்கா.

எந்தக் கையிலும் இல்லை என்றேன். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தால்தான் ஆள்.

என் வேலை அப்படி. எங்கள் வீட்டுக்குக் கீழேயே, சாலையோரம் ஒரு ஸ்டூல். கைக்கொன்றாக எண்ணும் கருவி. வலது கையில் வண்டிகள், இடது கையில் சாலையைக் கடக்கும் மனிதர்கள்.

அழுத்தி அழுத்தி வலது கட்டைவிரல் வீங்கியிருந்தது. இடது கை நாள் முழுக்க மடியில் தூங்கியது.

அந்தக் கைக்குச் சாப்பாடு கிடையாது என்று கேலி செய்தபடி அக்கா தட்டை வைத்தாள்.

நாளையோடு கணக்கெடுப்பு முடிகிறது. கடப்பவர்கள் இவ்வளவு குறைவென்றால் சிக்னல் வராது; நடைபாதையையும் வெட்டி வண்டி நிறுத்த விட்டுவிடுவார்கள். ஆளே கடக்காத இடத்தில் சிக்னல் எதற்கு என்று மேலாளர் கேட்டதைச் சொன்னேன். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டிருந்தது.

அக்கா சிரிக்கவில்லை.

மத்தியானத் தூறலில் ஒரு பெண் என் ஸ்டூலுக்குப் பின்னால் நின்றாள் என்றாள். காலைக் கீழே வைப்பாளாம். ஹாரன் அலறுமாம். காலை இழுத்துக்கொள்வாளாம். வெகுநேரம். ஒரு வண்டிகூட நிற்கவில்லையாம்.

ஜன்னலிலிருந்து பார்த்திருப்பாள். காலில் அடிபட்ட அந்த விபத்துக்குப் பிறகு அவள் மாடியை விட்டு இறங்கியதில்லை. எதிர்ப்பக்கத் தையல்கடையில் பார்த்துவந்த வேலையும் அப்போதே நின்றுபோனது.

அப்படி யாரையும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. நிற்பவர்களை நாங்கள் பார்ப்பதில்லை. பார்த்தால் வண்டி தவறிவிடும்.

நிற்கிறவர்கள் நிற்பார்கள், போவார்கள் என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்காகத் திரும்பினேன்.

கதவோரம் அக்காவின் ஊன்றுகோல் சாய்ந்திருந்தது. அதன் ரப்பர் நுனியில் தெருச்சேறு காய்ந்து அப்பியிருந்தது.

கூப்பிட்டால் என் எண்ணிக்கை தவறிவிடுமே என்றுதான் கூப்பிடவில்லை என்றாள். குரலில் கோபம் இல்லை.

எடுத்த தண்ணீரைக் குடிக்காமலே கீழே வைத்தேன்.

“கடைக்காரம்மா நாளைக்குள்ள வந்து பார்க்கச் சொல்லியிருக்காங்கடா. இல்லேன்னா வேற ஆள் போட்டுடுவாங்களாம். அந்த எண்ணுற மெஷின் ரெண்டையும் ஸ்டூல்ல வச்சிட்டு, என்னை ஒரு தடவை அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போறியா?”