சிவப்புக் கார்

சிபியின் முதல் மனைவி மெர்லின் கார் பந்தய வீராங்கனை. அவள் இறந்த பிறகும், கம்ப்யூட்டர் பந்தய விளையாட்டில், அவள் ஓட்டும் விதத்தைக் கற்றுவைத்திருந்த அவளுடைய சிவப்புக் கார் தானாகவே ஓடியது. சிபி தினமும் மாலையில் அதனோடு போட்டி போட்டு, ஜெயித்துவிட்டுச் சிரித்த முகத்தோடு எழுந்து வருவான். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் இரண்டாவது மனைவி தமயந்திக்கு வயிறு எரியும்.

ஒருநாள் அவன் வெளியே போயிருந்தபோது, மெர்லினைத் தோற்கடித்தே தீருவது என்று அவன் பெயரிலேயே பந்தயத்தில் இறங்கினாள். கார் ஓட்டவே தெரியாதவள், சுவரில் இடித்து இடித்துத்தான் போனாள். வெகுதூரம் முன்னால் போயிருந்த சிவப்புக் கார், கடைசி வளைவில் அவள் வரும்வரை காத்திருந்து, ஒதுங்கி வழிவிட்டது.

சிபிக்கு அது தினமும் விட்டுக்கொடுத்திருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"அட, நீயும் விளையாடினியா? யாரு ஜெயிச்சா?" என்று கேட்டபடி சிபி வந்தான்.

திரையை அவசரமாக அணைத்துவிட்டு, "அவங்கதான்" என்றாள் தமயந்தி.