நால்வர் நிற்கும் படம்

லீட்ஸ் கால்வாய்க் கரையில் மணி மூன்று. 1979 டிசம்பரின் வெயில் செங்கல் சுவரில் கையகலம்தான் மிஞ்சியிருக்கிறது. அது போவதற்குள் இந்த இசைக்குழுவின் நால்வரையும் நான் படமெடுத்தாக வேண்டும். வேனிலிருந்து இறங்கும்போதே மேனேஜர் ட்ரெவர் என் காதோடு சொல்லிவிட்டார். "டிரம்மர ஓரத்துல நிறுத்து. இன்னும் பழைய ராக் பாணியிலயே அடிக்கிறான், புதுப் பாட்டுக்கு ஒத்து வரல. வேற ஆள் பாத்தாச்சு. அப்புறமா படத்துல வெட்டிரலாம்." டிரம்மர் க்ளைவிடம் யாரும் இன்னும் சொல்லவில்லை. அவன் குழுவில் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகிறது. நால்வருக்கும் ஒரே சாம்பல் நிறக் கோட்டு. அவனுடையது மட்டும் அளவெடுக்காதது, தோளிலிருந்து வழிகிறது. கோட்டின் நீண்ட கைக்குள்ளிருந்து விரல்கள் தொடையில் ஓயாமல் தாளம் தட்டுகின்றன. மற்ற மூவரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "க்ளைவ், இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுப்பா," என்கிறேன். "இதுக்கு மேல தள்ளுனா கால்வாய்க்குள்ளதான் நிக்கணும், மாரீன்." யாரும் சிரிக்கவில்லை. அவன் தள்ளி நிற்கிறான். அவனுக்கும் பாடகன் கெய்த்துக்கும் நடுவே ஒரு கத்தரிக்கோல் தாராளமாகப் போகும் இடைவெளி கேமராவுக்குள் தெரிகிறது. பொத்தான்மேல் விரலை வைக்கிறேன். தாளம் நின்றுவிடுகிறது. க்ளைவ் ட்ரெவரைப் பார்க்கிறான், பிறகு என்னை. பார்த்தபடியே கையை நீட்டி, கெய்த்தின் தோளை இறுகப் பற்றிக்கொள்கிறான். "ம், இப்ப எடு."