முதல் பிழை

கொலைகாரன் தபால்காரன்தான் என்று பன்னிரண்டாவது நிமிடத்திலேயே நாடியா சொல்லிவிட்டாள்.

ஐம்பத்தோராவது நிமிடத்தில் கைவிலங்கு விழுந்தது தபால்காரனுக்குத்தான்.

"இதுக்காகவா வேலைய எல்லாம் போட்டுட்டு வந்து உக்காந்தோம்?" என்றாள் நாடியா.

பதினேழு வருடமாக ஓடுகிற துப்பறியும் தொடர். கனடாவில், இவர்கள் இருக்கும் வினிபெக் நகரத்திலேயே எடுக்கிறார்கள். ஞாயிறு மாலை ஏழு மணி ஆனால் நாடியாவும் அவள் கணவர் வால்டரும் அக்கா ஸோனியாவின் வீட்டில் ஆஜர். இன்றைக்கு அவர்கள் மட்டுமில்லை. தேவாலயத்துப் பெண்கள் நான்கு பேர், எதிர்வீட்டு ஹெல்கா, பஸ் டிப்போவில் ஸோனியாவின் கணவர் மைரனோடு வேலை பார்த்த மூன்று பேர். சோபாவின் கைப்பிடியில்கூட ஆள்.

எல்லோரும் திட்டினார்கள்.

அந்தப் பெண் இன்ஸ்பெக்டருக்கு மூளை மழுங்கிவிட்டது என்றாள் ஹெல்கா. இதை எழுதியவனை ஒரு மணி நேரம் பனியில் நிற்கவைக்க வேண்டும் என்றார் டிப்போக்காரர் ஒருவர். கொஞ்சம் அதிகமாகவே திட்டினார்கள். ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர் தொடங்கினார். அறையில் சத்தம் நின்றுவிடக் கூடாது என்று யாரோ சொல்லிவைத்தது போல இருந்தது.

ஸோனியா பெரோகிக் கொழுக்கட்டைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எத்தனை தப்பு, வால்டர்?" என்றாள்.

தொடரில் தப்புக் கண்டுபிடிப்பது வால்டரின் வேலை. அவரும் மைரனும் போட்டி போட்டுக்கொண்டு எழுதுவார்கள். வால்டர் ஒரு பழைய கடித உறையின் பின்பக்கத்தைப் பார்த்து வாசித்தார்.

"ரெண்டு. ஞாயித்துக்கிழமை எவன் தபால் குடுக்குறான்? மூணு. துப்பாக்கி முதல்ல வலது கைல இருக்கு, கதவத் தாண்டினதும் இடது கைக்குப் போயிடுது. அப்புறம் அந்த பஸ், அது ஆத்துக்கு அந்தப் பக்கம் போகவே போகாது..."

"ஒண்ணு என்ன?"

வால்டர் உறையை மடித்தார். "ஒண்ணுமில்ல. சின்ன விஷயம்."

நாடியா கணவரின் முழங்காலை அழுத்தினாள். பெரோகி நன்றாக இருக்கிறது, வெங்காயம் பதமாக வதங்கியிருக்கிறது என்று தேவாலயத்துப் பெண் ஒருத்தி அவசரமாகச் சொன்னாள்.

"நானும் பார்த்தேன், வால்டர்," என்றாள் ஸோனியா.

தட்டைக் கீழே வைத்தாள். ரிமோட்டை எடுத்து முதல் நிமிடத்துக்குப் பின்னோக்கி ஓட்டினாள்.

உறைந்த ஆறு. பாலத்துக்குக் கீழே, பனிமேல், மல்லாந்து ஒரு பிணம். நரைத்த மீசை, நெற்றியில் ரத்தம். பெண் இன்ஸ்பெக்டர் மண்டியிட்டுக் கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறாள். செத்து ஆறு மணி நேரம் இருக்கும் என்கிறாள்.

அப்போது பிணத்தின் மூக்கிலிருந்து வெள்ளையாக, நூலளவுக்கு, ஆவி எழுந்தது. மீசையைத் தொட்டுவிட்டுக் கலைந்தது.

ஸோனியா படத்தை அங்கேயே நிறுத்தினாள்.

பிப்ரவரியில், மைனஸ் இருபத்தாறு டிகிரியில் எடுத்த காட்சி. கூட்டத்தில் நிற்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் மைரன் போய் வரிசையில் நின்றார். பிணமாகப் படுக்க அவரைத்தான் பொறுக்கியெடுத்தார்கள். அன்று சாயங்காலம் காது மடலில் சிவப்புச் சாயம் ஒட்டியிருக்க, சமையலறையில் பீட்ரூட் சூப்பைக் குடித்துக்கொண்டே சொன்னார்.

"நாலு தடவ எடுத்தாங்க, ஸோனியா. மூச்ச அடக்கிட்டு அப்படியே கெடந்தேன். டைரக்டர் வந்து கை குடுத்தாரு."

ஒளிபரப்பாகும் தேதியைக் காலண்டரில் தன் கையாலேயே வட்டம் போட்டார். யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று பட்டியலும் அவர் எழுதியதுதான். அந்தப் பட்டியலில் இருந்த ஒருவரைக்கூட விடாமல் ஸோனியா இன்றைக்குக் கூப்பிட்டிருந்தாள்.

ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், மைரன் கடைசியாக மூச்சு விட்டபோது அவள் பக்கத்தில் இல்லை. மருத்துவமனைக்குக் கீழே காரை நிறுத்த இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தாள். மேலே வந்தபோது நர்ஸ் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

திரையில் அந்த ஆவி அப்படியே நின்றது.

"இன்னொரு தடவ போடட்டுமா?" என்று ஸோனியா கேட்டாள்.

கிளம்பலாம் என்று கோட்டை எடுக்க யாரும் எழவில்லை.